கடைசி வரிசையில் இரண்டு பேர்

என் மூத்தார், அதாவது கணவரின் அண்ணன் வீட்டில் மொத்தம் மூன்று பேர். அவர், அவர் மனைவி, கல்யாண வயதில் ஒரு மகன். மகனுக்குப் பெங்களூரில் வேலை. பொங்கலுக்கும் தீபாவளிக்கும் வந்து தலையைக் காட்டிவிட்டுப் போவான். ஆக, வருடம் முழுக்க அந்த வீட்டில் இருப்பது புருஷனும் பெண்டாட்டியும் மட்டும்தான். அந்த இரண்டு பேருக்கு, ஏழு பேர் உட்காரும் கார் இல்லாமல் இனி ஒரு நாளும் தள்ள முடியாது என்ற நிலைமை ஒரு ஞாயிற்றுக்கிழமை சாயங்காலம் உண்டாயிற்று.

அன்றைக்குத்தான் பொள்ளாச்சியிலிருந்து, மகனுக்குப் பார்த்திருக்கும் பெண்ணின் வீட்டார் வந்துபோயிருந்தார்கள். தென்னந்தோப்பும் கயிறு மில்லும் உள்ள குடும்பம். பீளமேட்டில் மூத்தார் வீடும் எங்கள் வீடும் ஒரே காம்பவுண்டுக்குள் இருக்கின்றன. அவர்கள் வந்த கார் உள்ளே நுழைந்த பிறகு கேட்டைச் சாத்த முடியவில்லை. பின்பக்கம் தெருவில் துருத்திக்கொண்டு நின்றது. அப்படித் துருத்திக்கொண்டு நிற்பதே ஒரு லட்சணம் என்பதுபோல மூத்தார் ஜன்னல் வழியாக அதையே பார்த்துக்கொண்டிருந்தார். அவர்கள் கிளம்பிப் போன பிறகு, பெண் எப்படி, என்ன படித்திருக்கிறாள் என்று ஒரு வார்த்தை கிடையாது.

"மூணு வரிசை தம்பி அதுல," என்றார் என் கணவரிடம். "கடைசி வரிசைக்குக்கூடத் தனியா ஏசி உட்டிருக்கறான்."

"நாளைக்கு ஒறம்பரைக்குள்ள போயிட்டு வரோணும்னா நம்ம காருல போயி எறங்க முடியுமாக்கும்?" என்றாள் என் ஓரகத்தி, அதாவது அவர் மனைவி.

'நம்ம கார்' என்று அவள் உதட்டைப் பிதுக்கியது, ஒரு கீறல்கூட விழாத நல்ல காரைப் பற்றி. ஐந்து பேர் கால் நீட்டி உட்காரலாம். ஆனால் ஒறம்பரை என்கிற எங்கள் சொந்தக்காரர்களுக்குள் ஐந்து பேர் கார் என்பது சைக்கிள் மாதிரி ஆகிவிட்டது. முன்பெல்லாம் கல்யாண மண்டபத்தில் பார்த்தால் மழை பெய்ததா, பிள்ளைகள் என்ன படிக்கிறார்கள் என்று கேட்பார்கள். இப்போது, "உங்களுது செவன் சீட்டருங்களா?" என்றுதான் பேச்சே தொடங்குகிறது. நானும் எத்தனையோ மண்டபங்களின் வாசலில் நின்று பார்த்துவிட்டேன். அந்தக் கார்களிலிருந்து ஏழு பேர் இறங்கி நான் பார்த்ததே இல்லை. இரண்டு பேர் இறங்குவார்கள். சில சமயம் ஒருத்தர்.

அண்ணனும் தம்பியும் சேர்ந்து பம்புசெட்டுக்கு வார்ப்படம் ஊற்றும் பவுண்டரி நடத்துகிறார்கள். நான் பக்கத்திலேயே ஒரு கல்லூரியில் கணக்கு நடத்துகிறேன். கார் பார்க்க என்னையும் எதற்குக் கூப்பிட்டார்கள் என்று ஷோரூமுக்குப் போன பிறகுதான் தெரிந்தது.

அவிநாசி ரோட்டின் மேல், கண்ணாடிப் பெட்டி மாதிரி ஒரு கட்டிடம். உள்ளே கல்யாண வீட்டு வாசனை. கோட்டுப் போட்ட விற்பனையாளர், மூத்தாரின் செருப்பிலிருந்து கைக்கடிகாரம் வரை ஒரு தடவை பார்த்து அளந்துவிட்டு, அதன் பிறகு அவரை மட்டுமே பார்த்துப் பேசினார். "இது லாரி சேஸிஸ்ல கட்டின வண்டி இல்லீங்க சார். முழுக்கக் கார் பாடிங்க. உசரம் ஜீப்பு மாதிரி, ஓட்டறதுக்குச் சுகம் கார் மாதிரி." மூத்தார் தலையை ஆட்டினார். அவருக்குத் தெரியவேண்டியது வேறு.

"கடைசி சீட்டு எப்படீங்க?"

"ஒருத்தரு ஏறிப் பாக்கட்டுங்க சார்."

மூத்தார் தொப்பையைத் தடவிக்கொண்டார். ஓரகத்தி புதுப் பட்டுச்சேலையைக் குனிந்து பார்த்தாள். பிறகு இருவரும் என்னைப் பார்த்தார்கள்.

"அம்மணி, நீ ஒல்லியாத்தான இருக்கற. கொஞ்சம் பின்னால ஏறிப் பாரு."

விற்பனையாளர் ஒரு பொத்தானை அழுத்த, நடு சீட் மெதுவாகக் குனிந்து வழிவிட்டது. குனிந்து, வளைந்து, ஒரு காலை உள்ளே வைத்து, இன்னொரு காலை எங்கே வைப்பது என்று தெரியாமல் தடுமாறி, ஒரு வழியாக உட்கார்ந்தேன். முழங்கால் இரண்டும் நெஞ்சுக்கு வந்தன. தலைக்கு மேல் கூரை. பக்கத்தில் டம்ளர் வைக்க ஒரு குழி, போனுக்கு சார்ஜ் போட ஓர் ஓட்டை, அங்கிருந்து பார்த்தால் வானம் மட்டும் தெரிகிற ஒரு கண்ணாடி.

"கால் வைக்க எடமில்லீங்க மாமா," என்றேன் உள்ளேயிருந்து.

"அதுனால என்ன அம்மணி, நாம என்ன அங்கயா உக்காரப் போறோம்?" என்றார் மூத்தார், மிகவும் திருப்தியாக.

அந்த 'நாம'வில் நான் சேர்த்தியில்லை என்பதை அவர் யோசித்துச் சொன்னதாக நான் நினைக்கவில்லை. யோசிக்காமல் வந்ததுதான்.

உடனே கார் கிடைத்துவிடவில்லை. அத்தனை பேர் பதிந்து வைத்திருக்கிறார்கள் என்றார்கள். மூத்தாருக்கு அதுவே பெருமையாகிவிட்டது. பார்ப்பவர்களிடமெல்லாம், "வண்டி புக் பண்ணிப்போட்டு உக்காந்திருக்கறனுங்க, கெடைக்கவே மாட்டீங்குது," என்று சலித்துக்கொள்வார். தண்ணீர் லாரிக்குக் காத்திருக்கிறவர்களிடம்கூட அப்படிச் சலித்துக்கொண்டார். கார் வந்த நாளில், ஆள் உயரத்துக்கு அட்டையில் செய்த ஒரு சாவியைப் புருஷனும் பெண்டாட்டியும் இரு பக்கமும் பிடித்துக்கொண்டு போட்டோ எடுத்துக்கொண்டார்கள். அந்தப் போட்டோ சொந்தக்காரர்கள் வாட்ஸ்அப் குழுவில் வந்தது. கும்பிடும் கைகளும் பூங்கொத்துகளுமாக வந்து குவிந்தன. வாழ்த்தியவர்களில் பாதிப் பேர் அன்று சாயங்காலமே ஷோரூமுக்கு போன் போட்டிருப்பார்கள்.

பூஜை அவிநாசியில் என்று முடிவாயிற்று. அன்றைக்கே பெண்ணின் அப்பா அம்மாவையும் கூட்டிக்கொண்டு போவது, போகிற வழியிலேயே நிச்சயதார்த்தத்தைப் பேசி முடிப்பது என்று மூத்தார் திட்டம் போட்டிருந்தார். பெண் வீட்டார் தங்கள் காரை எங்கள் வாசலில் விட்டுவிட்டு எங்கள் காரில் ஏறவேண்டும். அதுதான் திட்டத்தின் உயிர்நாடி.

சூலூரிலிருந்து நங்கையும் வந்திருந்தார். கணவரின் அக்காவை எங்கள் பக்கம் நங்கை என்போம். மூத்தாருக்கும் மூத்தவர் அவர்தான். இந்தக் குடும்பத்தில் எல்லோருக்கும் பெரியவர். சூலூரில் விசைத்தறி ஓட்டுகிற குடும்பம். முழங்காலில் ஆபரேஷன் செய்து சில மாதங்கள்தான் ஆகியிருந்தன, சர்க்கரையும் உண்டு. அவரைக் கேட்காமல் ஒரு கல்யாணமும் பேசி முடிக்கக் கூடாது என்பது வழக்கம். அதனால் கூப்பிட்டிருந்தார்கள். காலையில் முதல் பஸ்ஸைப் பிடித்து வந்திருந்தார்.

மூத்தார் ஸ்டியரிங்கில். பக்கத்தில் பெண்ணின் அப்பா. நடு வரிசையில் பெண்ணின் அம்மா, என் ஓரகத்தி, பெங்களூரிலிருந்து வந்த மாப்பிள்ளைப் பையன். என் கணவர் பவுண்டரியில் உலை வைத்திருக்கிறது என்று சொல்லி நழுவிக்கொண்டார். அப்படி நழுவுவதில் அவர் கெட்டிக்காரர்.

"அக்கா, நீயும் அம்மணியும் பின்னால உக்காந்துக்கங்க," என்றார் மூத்தார். "அங்க உங்களுக்குன்னு தனியா ஏசி வருது."

"என்ற காலு மடங்காதே தம்பி."

"அதெல்லாம் மடங்கும்க்கா. எட்டற தூரந்தான, வா."

பெண்ணின் அம்மா ஏற்கெனவே நடு சீட்டில் உட்கார்ந்தாகிவிட்டது. விருந்தாளியை எழுப்ப முடியுமா? பையனை எழுப்பலாம். ஆனால் மாப்பிள்ளை கடைசி வரிசையில் உட்கார்ந்தால் பெண்ணின் அம்மா என்ன நினைப்பார்கள்? இந்தக் கணக்கெல்லாம் அங்கே ஒருவர் வாயும் திறக்காமலே போடப்பட்டது. நங்கையைப் பின்புறமாகத் திருப்பி உட்காரவைத்து, நான் உள்ளேயிருந்து அக்குளில் கை கொடுத்து இழுத்தேன். "பாத்துங்க, சேலைக் கரை சீட்டுல மாட்டிக்கும்," என்றாள் ஓரகத்தி வெளியிலிருந்து. சேலையைப் பற்றியா சீட்டைப் பற்றியா அந்தக் கவலை என்று எனக்குத் தெரியவில்லை.

வண்டி சின்னியம்பாளையம் தாண்டும்போது பெண்ணின் அம்மா, முதுகு வலிக்கிறது என்று தன் சீட்டைப் பின்னால் சாய்த்தார். அது நேராக நங்கையின் முழங்காலில் வந்து நின்றது. நங்கை உதட்டைக் கடித்துக்கொண்டார். நான் முன்னால் குனிந்து, "கொஞ்சம் சீட்ட முன்னால நகத்துங்க," என்றேன். முன்னால் பாட்டு ஓடிக்கொண்டிருந்தது. கார் முழுக்க எத்தனை ஸ்பீக்கர் என்று மூத்தார் விளக்கிக்கொண்டிருந்தார். நான் இரண்டாம் முறை உரக்கச் சொன்ன பிறகுதான் அந்த அம்மாள் திரும்பி, "அடடா," என்று சிரித்துவிட்டு, இரண்டு விரல் அளவுக்கு நகர்ந்தார்.

முன்னால் ஏதோ தேதி, மண்டபம் என்று பேச்சு போயிற்று. எங்களுக்குப் பாதி கேட்டது, பாதி கேட்கவில்லை. ஒரு கட்டத்தில் மூத்தார் கண்ணாடியில் பின்னால் பார்த்து ஏதோ கேட்டார்.

"என்ன கேக்கறான் கண்ணு?" என்றார் நங்கை.

"எனக்கும் கேக்கலீங்க நங்கை."

நங்கை காதைக் கொஞ்சம் முன்னால் கொண்டுபோனார். அவர் தலை அசைந்தது கண்ணாடியில் தெரிந்திருக்க வேண்டும். "அக்காவுக்கும் சம்மதந்தானுங்க," என்று மூத்தார் பெண்ணின் அப்பாவிடம் சொன்னது மட்டும் எங்களுக்குத் தெளிவாகக் கேட்டது. குடும்பத்தில் பெரியவரைக் கேட்டாகிவிட்டது.

அவிநாசியில் கோயிலுக்கு முன்னால் நிறுத்தும்போது வெயில் ஏறிவிட்டது. முதலில் சாமி, பிறகு வண்டிக்குப் பூஜை என்றார்கள். மூத்தார் இறங்கி ஓடிப்போய்ப் பெண்ணின் அப்பாவுக்குக் கதவைத் திறந்துவிட்டார். ஓரகத்தி பெண்ணின் அம்மாவின் கையைப் பிடித்து இறக்கினாள். பையன் போனைக் காதில் வைத்தபடி இறங்கி நடந்தான். பேசிக்கொண்டிருந்தது அந்தப் பெண்ணோடுதான். கதவுகள் ஒவ்வொன்றாகச் சாத்திக்கொண்டன. நடு சீட்டை மடக்கி எங்களை இறக்கிவிட யாராவது வருவார்கள் என்று நாங்கள் காத்திருந்தோம். ஒவ்வொருவரும் இன்னொருவர் செய்வார் என்று நினைத்திருப்பார்கள். அல்லது ஒருவரும் ஒன்றும் நினைக்கவில்லை. மூத்தார் கோபுரத்தைக் காட்டி என்னவோ சொல்லிக்கொண்டே, திரும்பிப் பார்க்காமல் சாவியை அமுக்கினார். டக் என்று நான்கு பக்கமும் பூட்டிக்கொண்டது.

"டேய் தம்பி!" என்றார் நங்கை. கண்ணாடிக்கு வெளியே அது போயிருக்காது.

எனக்கு முதலில் சிரிப்புத்தான் வந்தது. போனை எடுத்து மூத்தாரைக் கூப்பிட்டேன். அவருடைய போன் முன்னால், ஸ்டியரிங்குக்குப் பக்கத்திலேயே அடித்தது. ஓரகத்தியைக் கூப்பிட்டேன், கோயில் என்று சத்தத்தை அணைத்து வைத்திருப்பாள். பையனுடைய போன் பிஸி. மறுபடி கூப்பிட்டேன், மறுபடியும் பிஸி. ஏசி நின்று, உள்ளே காற்று கனத்துவிட்டது. கூரை முழுக்கக் கண்ணாடி வேறு. அதற்கென்று தனியாகக் காசு கொடுத்திருந்தார்கள். வெயில் நேராகத் தலையில் இறங்கிற்று.

"தண்ணி இருக்குதா கண்ணு?" என்றார் நங்கை. குரல் மாறியிருந்தது. திரும்பிப் பார்த்தேன். நெற்றி முழுக்க வேர்வை, உதடு வெளுத்திருந்தது. எனக்குச் சிரிப்பு போய்விட்டது.

சீட்டை மடக்கும் பொத்தானை அமுக்கினேன். வண்டி அணைந்திருந்ததால் அது அசையவில்லை. சேலையைத் தூக்கிச் செருகிக்கொண்டு நடு சீட்டின் மேல் ஏறினேன். நான் அசைந்ததும் கார் ஊளையிடத் தொடங்கிற்று. உள்ளே திருடன் புகுந்துவிட்டான் என்று நினைத்துக்கொண்டது. அந்த ஊளைக்கு நடுவே சீட்டின் மேலேயே காலை வைத்துத் தாண்டி, முன் சீட்டுக்குள் குப்புற விழுந்து, ஹாரனில் கையை வைத்து அழுத்தினேன். கதவைத் திறக்கக் கைப்பிடி தேடினால் கைப்பிடியே இல்லை. எங்கெங்கோ தடவி, ஒரு சின்னப் பொத்தான் கையில் பட்டுக் கதவு திறந்தது.

வெளியே கூட்டம் கூடிவிட்டது. "உள்ள ஒருத்தரு இருக்கறாங்க, தண்ணி குடுங்க," என்று கத்தினேன். பூக்கடை அம்மா செம்போடு ஓடி வந்தார். ஆட்டோக்காரர் ஒருவர் நடு சீட்டின் முதுகைத் தன் பலத்தால் முன்னால் தள்ளிப் பிடித்துக்கொள்ள, நானும் பூக்கார அம்மாவும் நங்கையைக் குழந்தையை இறக்குவதுபோல இறக்கினோம். பூக்கடை பெஞ்சில் உட்காரவைத்து, முகத்தில் தண்ணீர் தெளித்தோம். சர்க்கரை போட்ட டீயை ஆட்டோக்காரரே வாங்கி வந்தார். கொஞ்சம் குடித்த பிறகு நங்கையின் முகத்தில் நிறம் வந்தது.

அப்போதுதான் மூத்தார் ஓடி வந்தார். பின்னாலேயே மற்றவர்களும். நெற்றியில் விபூதி. கார் கத்துவது கோயிலுக்குள் கேட்டிருக்கிறது.

"யாரு வண்டியத் தொட்டது?" என்றார். பிறகு என்னைப் பார்த்தார், திறந்து கிடந்த கதவைப் பார்த்தார், உள்ளே குனிந்தார். பால் நிறத்தில் தோல் போட்ட நடு சீட். அதன் மேல் என் செருப்புத் தடம்.

"அட, செருப்போடயா ஏறிப்போட்ட அம்மணி?"

அக்கா எங்கே என்று அவர் இன்னும் கேட்கவில்லை. அக்கா அவருக்குப் பின்னால் பெஞ்சில் உட்கார்ந்திருந்தார். பூக்கார அம்மா வாயைப் பிளந்து மூத்தாரைப் பார்த்தார்.

"பரவால்லீங்க, தொடச்சாப் போயிரும்," என்றார் பெண்ணின் அம்மா, பெரிய மனதோடு.

"தம்பி," என்றார் நங்கை. சத்தம் போடவில்லை. "நான் உள்ள இருந்தேன்."

மூத்தார் திரும்பினார். "ஐயோ, அக்கா... கூட்டத்துல கவனிக்கலக்கா."

"அது போவுது. வாரப்ப என்னமோ கேட்டியே, சம்மதமான்னு. எனக்குக் காதுல உளுகலப்பா. இப்பச் சொல்றேன் கேட்டுக்க. பையனுக்கும் புள்ளைக்கும் புடிச்சிருந்தாத் தாராளமா கட்டி வைங்க. ஆனா அக்காளக் கேட்டுத்தான் செஞ்சேன்னு ஊருக்குள்ள சொல்லாத."

பெண்ணின் அப்பா கோபுரத்தை அண்ணாந்து பார்த்துக்கொண்டார். ஓரகத்தி, "என்னங்க நங்கை இப்படிப் பேசறீங்க, சம்பந்திங்க முன்னால," என்றாள். குருக்கள் எலுமிச்சம்பழத்தோடும் மாலையோடும் வந்து நின்றார். பூஜை நடந்தது. சக்கரத்தடியில் பழம் நசுங்கியபோது நங்கையும் நானும் அங்கே இல்லை. கோயிலுக்குள் மெதுவாக நடந்துகொண்டிருந்தோம். கும்பிட்டுவிட்டு, ஒரு மெஸ்ஸில் இட்லி சாப்பிட்டுவிட்டு, பஸ் ஏறினோம். கருமத்தம்பட்டியில் இறங்கிச் சூலூர் பஸ் மாறவேண்டும்.

பஸ்ஸில் நங்கை ஜன்னலோரமாகக் காலை நீட்டி உட்கார்ந்தார். முழங்காலைத் தடவிவிட்டுக்கொண்டே வந்தார். பிறகு திடீரென்று, "அந்தக் கடைசி சீட்ட யாருக்குன்னு கண்ணு போட்டிருக்கறான்?" என்று கேட்டார்.

"கொழந்தைங்களுக்குன்னு சொல்றாங்க நங்கை."

"அவனூட்ல ஏது கொழந்தை?"

அந்த மாதிரிக் கார் வாங்கியவர்கள் வீடுகளையெல்லாம் மனதில் ஓடவிட்டுப் பார்த்தேன். பிள்ளைகள் எல்லாம் பெங்களூரிலும் அமெரிக்காவிலும் இருந்தார்கள்.

வீட்டுக்கு வந்து என் கணவரிடம் சொன்னேன். "அண்ணன் வேணும்னேவா செஞ்சிருப்பாரு?" என்றார். வேண்டுமென்று செய்திருந்தால் எனக்கு இத்தனை அருவருப்பு வந்திருக்காது. வேண்டாதவர் என்று நினைக்கக்கூட ஓர் ஆளை ஞாபகம் வைத்திருக்க வேண்டும். மறுநாள் ஓரகத்தி வந்தாள். சீட் தோலைச் சுத்தம் செய்ய ஷோரூமிலேயே ஆள் அனுப்பினார்களாம், தடம் போய்விட்டதாம். அதைச் சொல்லத்தான் வந்திருந்தாள்.

கல்யாணம் நின்றுவிடவில்லை. அதெல்லாம் இந்த மாதிரிக் காரணங்களுக்காக நிற்பதில்லை. பத்திரிகை வைக்க மூத்தார் சூலூருக்கு அதே காரில் போனார். நங்கை காபி கொடுத்து, பத்திரிகையை வாங்கிச் சாமி முன்னால் வைத்துவிட்டு, "வாரேன் தம்பி. வண்டி அனுப்ப வேண்டாம், நாங்களே வந்துக்கறோம்," என்று சொல்லியிருக்கிறார். மூத்தார் அதைச் சமாதானம் என்று எடுத்துக்கொண்டு நிம்மதியாகத் திரும்பினார்.

எப்படி வந்துகொள்வார்கள் என்பது கல்யாணத்தன்று தெரிந்தது. நங்கையின் மகன் தறியைப் பார்த்துக்கொண்டு அம்மாவோடு சூலூரில் இருக்கிறவன். அவிநாசியில் நடந்ததைக் கேட்டதும் அவனுக்கு ரத்தம் கொதித்துவிட்டது. கொதித்து, மாமனைப் போய் ஒரு வார்த்தை கேட்டானா என்றால், இல்லை. நேராக ஷோரூமுக்குப் போனான். "எங்கம்மாளக் கடைசி சீட்டுல வெச்சுப் பூட்டுனாரில்ல, அவருதவிடப் பெருசா எடுத்து மண்டபத்து வாசல்ல நிறுத்தறேன் பாருங்க," என்று என்னிடமே போனில் சொன்னான். விசைத்தறிகள் பாதி நாள் ஓடாமல் நிற்கிற காலம். கார் வாங்குவதற்காக அவர்களுடைய காலி இடம் ஒன்று கை மாறிற்று. அந்தக் காருக்கும் மூன்று வரிசை.

அவிநாசி ரோட்டு மண்டபத்தில் அந்தக் கார் வந்து நின்றபோது நான் வாசலில் சந்தனம் கொடுத்துக்கொண்டிருந்தேன். முன் சீட்டிலிருந்து நங்கை இறங்கினார். மகன் ஓடி வந்து கையைப் பிடித்துக்கொண்டான். பட்டுச்சேலையில், நிமிர்ந்து, நன்றாக இருந்தார். எனக்கும் சந்தோஷமாகத்தான் இருந்தது. மூத்தார் வந்து அக்காவை வணங்கிவிட்டு, கண்ணை எடுக்காமல் காரைச் சுற்றி வந்தார். மகன் கையைக் கட்டிக்கொண்டு நின்று அதை ரசித்தான்.

அவர்கள் எல்லோரும் உள்ளே போன பிறகும் அந்தக் காருக்குள் ஏதோ அசைந்தது. போய்ப் பார்த்தேன். கடைசி வரிசையில், தாம்பூலத் தட்டுகளுக்கும் பழக்கூடைக்கும் நடுவே ஓர் அம்மாள் உட்கார்ந்திருந்தார். நங்கையின் மகனுடைய மாமியார். நல்லவேளை, கதவைப் பூட்டியிருக்கவில்லை. சீட்டை மடக்கி, கை கொடுத்து இறக்கினேன். சேலை கசங்கி, கொண்டைப்பூ நசுங்கியிருந்தது. "பரவால்லீங்க, பரவால்லீங்க," என்று சொல்லிக்கொண்டே காலை உதறிவிட்டு நடந்தார்.

பந்தியில் நங்கைக்குப் பக்கத்தில் இடம் கிடைத்தது. பொறுக்க முடியாமல் கேட்டேன்.

"ஏனுங்க நங்கை, உங்க சம்பந்தியம்மாவையா பின்னால உக்கார வெச்சுக் கூட்டியாந்தீங்க?"

நங்கை இலையில் தண்ணீர் தெளித்துத் துடைத்தார்.

"அவீங்களுக்குக் கால்வலியெல்லாம் ஒன்னுமில்ல கண்ணு," என்றார்.